பதினோராம் நாள் முட்டை

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்திலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களின் கதைகள் கனவிலிருந்தும் காயத்திலிருந்தும் பிறப்பதாக அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மாதம், ஓர் அரசாங்க அலுவலகம் ஐந்து பக்கங்களைத் தமிழாக்கம் செய்யச் சொல்லி என்னிடம் தந்தது. தலைப்பு: ‘கொல்லைப்புறக் கோழிகளில் கருவளக் குறைபாடும் அதற்கான நிவாரண உபாயங்களும்’. அந்த ‘உபாயங்களும்’ என் கைங்கரியம். அதை எழுதிய கணத்தில் உடம்பு லேசாகச் சிலிர்த்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிரசுரத்தை விநியோகிப்பதற்காகக் கோழி அதிகாரி பரராசசிங்கம் இரத்தினபுரிப் பக்கம் நிவித்திகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். ஜீப்பில் இடம் இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன். என் நோக்கம் நல்லதல்ல. இருபது வருஷமாகப் பத்திரிகைகளில் கிண்டல் கட்டுரை எழுதுகிறவன் நான். ஓர் அதிகாரி, அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கோழி, எதிரே தோட்டத்துச் சனம். கட்டுரை தன்னைத்தானே எழுதிக்கொண்டுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

(பிளாஸ்டிக் கோழி என் கற்பனை அல்ல. வயிற்றைத் திறந்தால் உள்ளே குடலும் கருப்பையும் தனித்தனியாகக் கழன்று வரும். அதனுள் இருந்த முட்டை முந்தைய அதிகாரியின் காலத்திலேயே தொலைந்துவிட்டதால், மேசைப்பந்து ஒன்றை வைத்திருந்தார்கள்.)

2

தொடக்கம் ஒன்று: ‘மலையை மூடியிருந்த பனித்திரை மெல்ல விலகியபோது, லயத்தின் கூரைகள்—’

அடித்துவிட்டேன். ஆடி மாதத்தில் அந்தப் பக்கம் பனி கிடையாது. அட்டைதான். பனித்திரை விலகிய அதே நேரத்தில் என் காலுறைக்குள் மூன்று அட்டைகள் இருந்தன என்று எழுதினால் வாசகருக்கு மலையழகு கெட்டுவிடும்.

தொடக்கம் இரண்டு: ‘இருளாயிக்குப் பிள்ளை இல்லை.’

இதை எழுதிவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். நல்ல வாக்கியம். பொரிக்காத முட்டை, பிள்ளை இல்லாத பெண். பரிசுக்கு அனுப்பினால் நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு சிக்கல். இருளாயிக்கு நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் அம்மாவைப் போலவே உரத்துப் பேசுகிறவர்கள். கதைக்காக நான்கு பேரை இல்லாமல் ஆக்குவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. தவிர, கோழியைப் பற்றிச் சொல்லவேண்டியதைக் கோழியைப் பற்றியே சொன்னால் என்ன?

தொடக்கம் மூன்று: ‘அந்த லயத்தில் மூன்று மாதமாக ஒரு குஞ்சு பொரிக்கவில்லை.’

இது இருக்கட்டும். அலங்காரம் இல்லை, ஆனால் உண்மை.

3

இருளாயிக்கு வயது நாற்பத்தெட்டு. கொழுந்து பறிப்பவள். தொழிலாளர் குடியிருக்கும், வரிசையாய் ஒட்டிய பத்துக் காம்பரா லயத்தில் ஏழாவது காம்பரா அவளுடையது. அந்த லயத்தில் யாருடைய கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டையை எடுத்து வைக்கும் கை இருளாயியின் கைதான். கூலி கிடையாது. கைராசி என்ற பெயர் மட்டும்தான். பயிற்றங்காய்ப் பாத்தியில் முதல் விதை ஊன்றவும் அதே கையைத்தான் கூப்பிடுவார்கள்.

கைராசி என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் பிரசுரம் எழுதுகிறவன் ஆகிவிடுவேன். அவள் செய்வது இதுதான். பல வீட்டு முட்டைகள் ஒரே கோழியின் கீழ் போவதால், ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் வீட்டுக்குரிய அடையாளம் போடுவாள்: ஒரு வீட்டுக்கு வளையம், ஒரு வீட்டுக்குப் பெருக்கல் குறி, ஒரு வீட்டுக்கு மீன். பக்கத்தில் கோடுகள். ஏதாவது ஒரு பெரிய நாளிலிருந்து எத்தனையாம் நாள் இட்ட முட்டையோ அத்தனை கோடு. நாள்பட்ட முட்டை அடைக்கு ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு. அலுவலகத்தில் இதற்குப் பதிவேடு என்று பெயர். அதைப் பேண ஓர் எழுதுவினைஞரும், அவர் லீவு எடுத்தால் இன்னொருவரும் இருக்கிறார்கள்.

தை மாதம் அவள் புருஷன் காத்தமுத்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழும்பவில்லை. சித்திரையில் முட்டைகள் கூமுட்டையாகத் தொடங்கின. இருபத்தொரு நாள் கோழி பட்டினியாய் உட்கார்ந்து எழும்பினால், கீழே கலகலவென்று ஆடும் அழுகல் தண்ணீர். ஒரு அடை, இரண்டு அடை, மூன்று அடை.

லயம் காரணம் கண்டுபிடித்தது. எட்டாவது காம்பரா சுகந்தினிதான் முதலில் வந்து, கொடுத்த முட்டைகளைத் திருப்பிக் கேட்டவள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. தாலி கழட்டுன கைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் சொல்லல.”

“நீ சொல்லலன்னா எதுக்குடி முட்டைய திருப்பிக் கேக்குற?”

“எங்க மாமியா சொல்றாங்க.”

“ஒன் மாமியாளும் தாலி கழட்டுனவ தானே. அவ ஆக்குற சோத்த நீ திங்கல?”

சுகந்தினி முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சுமங்கலிக் கை ஒன்றைத் தேடி மூன்றாவது காம்பராவில் அடை வைத்தார்கள். அதுவும் கூமுட்டை. இப்போது நீங்கள் நினைப்பீர்கள், இருளாயியின் கை மீதிருந்த பழி நீங்கியிருக்கும் என்று. லயத்தையும் உலகத்தையும் நீங்கள் அறியவில்லை. அவள் பார்வை பட்டிருக்கும் என்றார்கள்.

பாத்திக்கும் வேறு கையைக் கூப்பிட்டார்கள். மலையில் தேயிலை நிரையில் நிற்கும்போது அவள் பக்கத்து நிரைக்காரி கொஞ்சம் தள்ளி நின்றாள். இந்தக் கதையில் பணயம் கோழிகள் அல்ல. ஒரு பெண்ணின் கை. அவளுடைய சொந்தக் கை, இனி எதையும் தொடங்கி வைக்க ஆகாது என்று பத்துக் காம்பராவும் தீர்ப்பு எழுதியிருந்தது.

4

வகுப்பு புள்ளக்காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், குழந்தைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, தொட்டில் கயிறுகளுக்கு நடுவே பரராசசிங்கம் நின்றார். முன்வரிசையில் கோயில் பூசாரி சின்னத்தம்பி, தோளில் சிவப்புத் துண்டுடன். கடைசி வரிசையில் இருளாயி.

இருளாயியின் கண்களில் ஒரு—

(இல்லை. கடைசி வரிசையில் இருட்டு. அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம்.)

பரராசசிங்கம் நாற்பது நிமிஷம் பேசினார். விற்றமின் ஈ, தாதுப் பற்றாக்குறை, உட்கலப்பு, வெப்ப அயர்ச்சி. பிளாஸ்டிக் கோழியின் வயிற்றைத் திறந்தபோது மேசைப்பந்து உருண்டு விழ, மூலையிலிருந்த குழந்தை ஒன்று அதை எடுத்துக் கடித்தது. நான் ஆனந்தமாகக் குறிப்பெடுத்தேன்.

“உங்கட கோழியளின்ர கருவளக் குறைபாட்டுக்குப் பிரதான காரணம் போசாக்குத்தான். விளங்குதோ?”

“வெளங்குதுங்க” என்றார் சின்னத்தம்பி, எல்லாருக்குமாக.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. “சார், கருவளக் கொறைபாடுன்னா என்னாங்க?”

அதிகாரி என்னைப் பார்த்தார். சொல்லின் தகப்பன் நான்தானே. “கூமுட்டைங்க” என்றேன்.

“ஓ. அதத்தான் அஞ்சு பக்கத்துக்கு எழுதியிருக்கீங்களா.”

குழந்தைகள் தவிர எல்லாரும் சிரித்தார்கள். என் இருபது வருஷக் கிண்டலில் இவ்வளவு குறைந்த சொற்களில் யாரையும் நான் வீழ்த்தியதில்லை. இந்த இடத்திலிருந்து கதை என் கையை விட்டுப் போனது.

இருளாயி எழுந்து முன்னால் வந்தாள். “இன்னொன்னு கேக்கலாங்களா? சேவல் இல்லாம ஒரு கோழி எத்தன நாளைக்கு நல்ல முட்ட இடும்?”

“ஏன் கேக்கிறியள்?”

“பங்குனியில சாமி கும்பிட்டோம். அன்னைக்கிலருந்து நான் முட்டையில கோடு போட்டு வச்சேன். பத்துக் கோடு வரைக்கும் உள்ளது பொரிச்சிச்சு. பதினோராம் நாளு முட்ட கூமுட்ட. பன்னெண்டுல ஒன்னே ஒன்னு பொரிச்சிச்சு, அதுவும் நிக்க மாட்டாம செத்துப்போச்சு. அதுக்குப் பொறகு சுத்தமா ஒன்னுமில்ல. எம்புருஷன் செத்தது தையில சார். தாலி கழட்டுன கையின்னா மாசியிலயே அழுகியிருக்கணுமில்ல? மாசியில நான் வச்ச அட பதினாலுக்குப் பதிமூணு பொரிச்சிச்சு. பத்தாம் நாள் வரைக்கும் நல்லா இருந்த கை, பதினோராம் நாள் காலையில எப்படிங்க கெட்டுப்போகும்?”

சுகந்தினி தரையைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் பரராசசிங்கம் ஓர் அலட்சியச் சிரிப்புச் சிரித்திருந்தால் என் கட்டுரை பிழைத்திருக்கும். மனுஷன் அதைச் செய்யவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்புக் கொப்பியை எடுத்தார். “பத்து நாள் எண்டு சொன்னனீங்கள். திருப்பிச் சொல்லுங்கோ, அம்மா” என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “சேவலின்ர விந்து கோழியின்ர உடம்புக்குள்ள பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோட இருக்கும். அதுக்குப் பிறகு இல்லை. நான் முதல்ல கேட்டிருக்கவேண்டிய கேள்வியை நான் கேக்கேல்லை. எத்தினை சேவல் இருக்கு இங்க?”

5

சேவல்களின் கதையைச் சொல்ல வேண்டும். பின்னுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய வருஷம் வைகாசியில் மழை பெய்தது. இரத்தினபுரிப் பக்கம் எல்லாருக்கும் அந்த மழை ஞாபகம் இருக்கும். லயத்துக்குப் பின்னாலிருந்த மலை ஒரு காலை நேரத்தில் இறங்கி வந்தது. வந்த மண், பின்சுவருக்கு ஆறடி தூரத்தில் நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால், ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், பெரிய சக்கரத்துக்குக் காவலாக நிற்கும் ரோதமுனி சாமிதான் நிறுத்தினார் என்று முடிவாயிற்று. அந்த ஈரமண்ணில் நின்றபடியே வீட்டுக்கு ஒரு சேவல், சில வீட்டில் இரண்டு என்று நேர்ந்துகொண்டார்கள்.

ரோதமுனி குறையுள்ள சேவலை ஏற்கமாட்டார். கொண்டை கிழிந்ததோ, நகம் உடைந்ததோ, கண் பழுதானதோ கூடாது. ஆகவே நேர்ந்த சேவலைச் சண்டைக்கு விடாமல் கூடையால் மூடி, காலில் கயிறு கட்டி, பச்சரிசி போட்டு வளர்ப்பார்கள். அடுத்த பங்குனித் திருவிழாவில் பதினேழு சேவல்கள் ஒரே காலையில் போயின: நேர்ந்தவையும், அதுவரை கோழிகளோடு திரிந்த மிச்சச் சேவல்களும். நன்றி சொல்வதில் அந்த லயத்துக்கு நிகரில்லை. குறையில்லாத சேவல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் நன்றி சொல்லிவிட்டார்கள்.

ஆனால் சேவல் இல்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம், தினமும் விடியக்காலையில் ஒன்று கூவிற்று.

“ஒரு சேவல் இருக்குங்க சார்” என்றார் சின்னத்தம்பி. “நல்ல தொண்ட. ஸ்டோரு சங்குக்கு முன்னுக்குக் கூவும்.”

கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. வந்தது. சிவப்பு, கனத்த கொண்டை, வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. கீரி பிடித்து விட்ட கால். புள்ளக்காம்பரா முற்றத்தில் ஒரு கோழியை அருகே விட்டதும் சேவல் இறக்கையைத் தாழ்த்தி, அரைவட்டம் போட்டு, முழு மரியாதையுடன் ஏறப் பார்த்தது. ஒற்றைக்கால் வழுக்கி மண்ணில் விழுந்தது. எழுந்து மிகப் பிரமாதமாகக் கூவியது.

“பாவம்டா ஒன் பொழப்பு” என்றாள் ஒரு கிழவி. லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

(நான் இங்கே ஓர் உவமை எழுதி வைத்திருந்தேன். காரியம் ஆகாமல் கூவமட்டும் தெரிந்த பதவிகள் பற்றியது. பரராசசிங்கத்தை நோக்கிச் செதுக்கியிருந்தேன். ஆனால் அவர் முற்றத்து மண்ணில் குந்தி, சேவலின் வளைந்த காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். உவமையில் மிஞ்சியது பிரசுரம் எழுதிய நான் மட்டும். அதனால் நீக்கிவிட்டேன்.)

“குறைஞ்சது ரெண்டு நல்ல சேவல் வேணும்” என்றார் அதிகாரி. “அரசாங்கப் பண்ணைக்கு விண்ணப்பம் போடலாம். மூண்டு மாதம் எடுக்கும்.” சொல்லிக்கொண்டே ஏழாவது காம்பரா வாசலைக் கடந்தவர், கவிழ்த்து வைத்த பிரம்புக்கூடை ஒன்றைப் பார்த்து நின்றார். உள்ளிருந்து கொக்கரிப்புக் கேட்டது.

“உதுக்குள்ள என்ன?”

“அது சாமி சேவலுங்க” என்றார்கள் நாலைந்து பேர், ஒரே மூச்சில்.

சாவு விழுந்த வீடு ஒரு வருஷத்துக்கு நேர்ச்சை செலுத்தக்கூடாது. காத்தமுத்து தையில் போனதால் இருளாயியின் சேவல் மட்டும் பங்குனியில் தப்பியது. கரும்பச்சை வால், பிசகில்லாத கொண்டை, எட்டு நகமும் பத்திரம். அதற்குப் பிறகும் முற்றத்துக் கோழிகளிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கூடைக்குள் பச்சரிசி தின்றுகொண்டிருந்தது. சேவல் எத்தனை என்று கேட்டால் ஒன்று என்பார்கள். இது சேவல் அல்ல, சாமியுடையது. கோடு கோடாகப் போட்டுக் கண்டுபிடித்த இருளாயிகூட இதை எண்ணவில்லை.

பரராசசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். ஓர் அதிகாரி தன் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்று உணர்ந்து வாயை மூடியதை நான் பார்த்தது அன்றுதான். மூடிய வாயைக் கிண்டல் செய்ய எனக்குத் தெரியாது.

இருளாயி கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் ஜீப்பில் ஏறினோம்.

6

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. சின்னத்தம்பி சொல்லித்தான் தெரியும். தன்னை மடக்கிய பேச்சை ஒரு பூசாரியே என்னிடம் வரி பிசகாமல் சொன்னார் என்றால், அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருளாயி கூடையைத் தூக்கினாள், கயிற்றை அவிழ்த்தாள். சேவல் வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் நின்றதாம். சின்னத்தம்பி துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்னா காரியம் பண்ற! அது நேந்துவிட்டதும்மா.”

“தெரியும்ண்ணே. நேந்தவ நான்தான்.”

“நொண்டிச் சேவலோட மல்லுக்கட்டி நகம் ஒடஞ்சா சாமி ஏத்துக்குமா? சாமி பொருள எடுத்து வச்சிக்கிட்டேன்னு ஆகிடும்.”

“வெட்டுறதாத்தான் நேந்தேன். எப்பன்னு சொல்லலியே.”

“வருஷம் திரும்பினதும் குடுக்கணும். அதான் மொற.”

“அண்ணே, மண்ணு சரிஞ்சப்ப சாமி லயத்த நிறுத்துச்சா இல்லியா?”

“நிறுத்துச்சு.”

“குஞ்சு குட்டி இல்லாத லயத்தயா நிறுத்துச்சு? அடுத்த பங்குனிக்கு இந்த ஒத்தச் சேவலையும் வெட்டிட்டா, அதுக்கடுத்த பங்குனிக்கு சாமிக்கு என்னாத்த வெட்டுவீங்க? பூசணிக்காயா?”

சின்னத்தம்பி குனிந்து சேவலின் நகங்களைப் பார்த்தார்.

“இது மேல பழுது விழுந்தா பழுது என் மேல விழட்டும்” என்றாள் அவள். “இதுக்கு நல்ல மகனா நாலு வரட்டும். அதுல எதக் கேட்டாலும் குடுக்குறேன். இல்ல இதுவே வேணும்னாலும் அப்ப பேசிக்குவோம்.”

கதைசொல்லியாக நான் இங்கே நிறுத்தி, அவள் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டாள் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. கை கெட்டது என்று ஊர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. இனி முட்டை பொரிக்காவிட்டால், சாமி சேவலை அவிழ்த்த கை என்றும் ஆகும். லயத்தில் ஒரு காய்ச்சல் வந்தாலும், கொழுந்து குறைந்தாலும், மறுபடி மழை பெய்தாலும் அந்தக் கைதான். அவள் வேறெதுவும் செய்யாமல் பொறுத்திருந்தால், வேறு தோட்டத்திலிருந்து யாராவது ஒரு சேவல் கொண்டுவந்து, எல்லாம் தானாகச் சரியாகி, எப்படிச் சரியாயிற்று என்று ஒருவரும் கேட்காமல், கைமீது வந்த பெயர் மட்டும் அப்படியே நின்றிருக்கும். அது பாதுகாப்பான வழி. நான் அந்த வழியில்தான் ஐம்பது வயதுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

7

ஆவணியில் மறுபடியும் போனோம். சேவல் விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருந்தது: ‘இனம்’ என்ற கட்டத்தில் ‘நாட்டுக்கோழி’ என்று எழுதியது ஏற்கத்தக்கதல்ல, திருத்தி மீண்டும் அனுப்பவும். பரராசசிங்கம் அந்தக் கடிதத்தை ஜீப் சாரதி அஸீஸிடம் கொடுத்து, டாஷ்போர்டில் சத்தம் போடுகிற இடத்தில் செருகச் சொன்னார். சத்தம் நின்றது. அந்தக் கடிதத்தால் விளைந்த நன்மை அது.

இருளாயி இரண்டு வாரம் பொறுத்து, தன் கோழிகள் இட்ட முட்டையில் ஒன்பதை அடை வைத்திருந்தாள். வேறு யாரும் முட்டை தரவில்லை. நாங்கள் போன அன்று அடை உட்கார்ந்து ஏழாம் நாள். முட்டைக்குள் உயிர் பிடித்ததா என்று அன்று பார்த்துவிடலாம். அதிகாரி அதற்கென்றே மின்குமிழ் வைத்த ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். பொத்தானை அமுக்கினார். அமுக்கினார். பெட்டியைத் தட்டினார்.

“பட்டரி இறங்கிப்போச்சு” என்றார்.

“அது கெடக்கட்டும் சார். உள்ளுக்கு வாங்க” என்றாள் இருளாயி.

மணி மூன்று இருக்கும். காம்பராவின் கதவைச் சாத்தினாள். உள்ளே நல்ல இருட்டு. ஒற்றை ஜன்னலுக்குத் தகரப் பலகை. அதில் ஆணி கழன்று, துரு தின்று, பெருவிரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பி மாதிரி உள்ளே பாய்ந்தது. அவள் முதல் முட்டையை எடுத்து ஓட்டையில் பொருத்தினாள். இருட்டுக்குள் முட்டை முழுக்கச் செம்மஞ்சளாய்ப் பற்றியெரிந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து நாலாபக்கமும் நரம்புகள், சிலந்தி வலை பின்னியது போல. புள்ளி துடித்தது.

துடித்தது என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். இதற்கு மேல் ஏதாவது சேர்க்கலாமா என்று. வேண்டாம்.

இரண்டாவதிலும் நரம்பு. மூன்றாவது வெறும் வெளிச்சம்; அதைத் தனியே வைத்தாள். நான்காவது, ஐந்தாவது... ஒன்பதில் ஏழு. கதவைத் திறந்து வெளியே நின்றவர்களை இருவர் இருவராய் உள்ளே கூப்பிட்டாள். எல்லாரும் பார்த்தார்கள். சின்னத்தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கோயிலுக்குள் போகிற மாதிரி. வெளியே வரும்போது துண்டு இடுப்பில் இருந்தது.

பரராசசிங்கம் ஏழு முட்டைகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். “அம்மா, நான் பதினெட்டு வருசமா இந்த வேலை செய்யிறன்” என்றார். கொப்பியைத் திறந்து, ஜன்னலை அளந்து, ஓட்டையின் படத்தை வரைந்துகொண்டார்.

“முட்டைய குடுங்க சார், சூடு ஆறுது” என்றாள் அவள்.

8

நாங்கள் புறப்படுகிற நேரம் சுகந்தினி வந்தாள். கையில் பால்மா டின். உள்ளே மானாப்புல் பரப்பி ஐந்து முட்டைகள். ஏழாவது காம்பரா வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

“அக்கா” என்றாள்.

இருளாயி கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கழுவி, சேலையில் துடைத்தாள். வாசலுக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து அஸீஸ் ஹோர்னை அடித்தார். கீழே பாலத்தடியில் தண்ணீர் ஏறுகிறது, இப்போது விட்டால் இன்றைக்குப் போகமுடியாது என்று சத்தம் போட்டார். பரராசசிங்கம் என் கையைப் பிடித்து இழுத்தார். ஏறினேன். எனவே முடிவை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. இருளாயி ஒன்றும் பேசாமல் டின்னை வாங்குகிறாள். கரித்துண்டை எடுக்கிறாள். ஐந்து முட்டையிலும் சுகந்தினி வீட்டு மீனை வரைகிறாள். சுகந்தினி அழுகிறாள். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. பெருந்தன்மை என்பது பெரும்பாலும் அவமானப்பட்டவரிடம் மட்டும் நாம் எதிர்பார்க்கிற பண்டம்.)

ஆ. “வேற கை கெடைக்கலியாடி?” என்று கேட்டுவிட்டு இருளாயி கதவைச் சாத்துகிறாள். (எழுதியபோது கைதட்டினேன். பிறகு, சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். பயிற்றங்காய்ப் பாத்தி அந்தக் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது.)

இ. இருளாயி லயத்தையே கூட்டி, மூடநம்பிக்கை குறித்து ஓர் உரை— (மன்னிக்கவும். பிரசுரக்காரன் உள்ளே நுழைந்துவிட்டான்.)

நிஜத்தில் நான் பார்த்தது இவ்வளவு. ஜீப் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். சுகந்தினி டின்னை நெஞ்சுயரத்துக்கு நீட்டியபடி நின்றாள். இருளாயியின் வலது கையும் முன்னால் நீண்டிருந்தது, விரல்கள் விரிந்து. வாங்கவா, வேண்டாம் என்று நிறுத்தவா. அந்தத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பரராசசிங்கத்திடம் கேட்டேன். “அது அவவின்ர கை” என்றார்.

பிறகு அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கேட்டு அறிந்திருக்கலாம். கேட்கவில்லை. ஐந்து மாதம் அந்தக் கையைப் பற்றிப் பத்துக் காம்பராவும் முடிவுசெய்தது போதும் என்று பட்டது. நான் பதினோராவது காம்பரா ஆக விரும்பவில்லை.

உங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லையென்றால் இறங்கிப் போய்ப் பாருங்கள். அக்கா என்று கூப்பிட்டவள் இன்னும் படிக்குக் கீழேதான் நிற்கிறாள். கேட்பதானால் இருளாயியிடமே கேளுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; முட்டைகள் வெயிலில் இருக்கின்றன.